எத்தனையாவது கட்டு

சாஸ்திரி பவனில் டோக்கன் நாற்பத்தேழு.
மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்டோம்.
அவள் நகத்தடியில் இன்னும் மணப்பாக்கத்து மண்.
எலுமிச்சைத் தோலால் ராத்திரி முழுக்கத் தேய்த்தும்
சுண்டுவிரலில் மட்டும் போகவில்லை.
"கையை மடக்கி வைத்துக்கொள்" என்றேன்,
திருடியவளிடம் சொல்வதுபோல.

பெயர் வன்பென்.
தாய்லாந்துப் பேச்சில் பௌர்ணமி நாள்.
கல்யாணப் பத்திரிகை அடித்த போரூர் அச்சகத்துக்காரர்
மூன்று சுழி போட்டு
வன்பெண் ஆக்கிவிட்டார்.
திருத்தச் சொல்லவில்லை நாங்கள்.
கீரை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு
வரப்பில் ஓடுகிறவளுக்கு அதுவும் பொருத்தம்தான்.

எவனோ எழுதிப் போட்டிருக்கிறான்:
அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர்
அனுமதியின்றி விவசாயக் கூலி வேலை பார்க்கிறார்.
கூலி.
போன மாசம் உரக்கடைக்குப் போக மிச்சம்
நூற்றுப் பத்து ரூபாய்.
மாம்பழக் கலரில் வளையல் கேட்டாள்.
அடுத்த மாசம் என்றேன்.

மூன்றாவது மேசை அம்மாள் நல்லவர்தான்.
விசாவில் விரல் வைத்தார்.
"வேலை பார்க்கக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கே."
"வேலை இல்லைங்க மேடம். ஒத்தாசை."
படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.
ஒத்தாசைக்குக் கட்டம் இல்லை.

எங்கள் வீட்டுக் கடையலுக்கு
ஒரு கட்டு சிறுகீரை பறித்தால்?
அது சரி, என்றார்.
எதிர்வீட்டு ரெஜினா அக்காவுக்குச் சும்மா ஒரு கட்டு?
அதுவும் சரி.
விடியற்காலை மூன்று மணி,
கோயம்பேட்டுக்குக் குட்டியானை கிளம்ப வேண்டும்,
முந்நூறு கட்டு, எனக்கு இடுப்புப் பிடிப்பு,
வாழைநார் அவள் கையில்.
எத்தனையாவது கட்டில் மேடம்
மனைவி தீர்ந்து
வேலைக்காரி ஆரம்பிக்கிறாள்?

பேனா மூடியைக் கடித்தார்.
"இதெல்லாம் நான் எழுதித் தர முடியாது."
"வாயால் சொல்லுங்கள்."
"வாயாலும் முடியாது."

வன்பென் குறுக்கே பேசவில்லை.
அவளுக்கு இந்தக் கேள்வி பழசு.
கல்யாணமான வருஷம், அவள் அப்பா வயலில்
நான் அரிவாளை எடுத்தபோது
ஊர்த் தலைவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏதோ சொன்னார்.
அவள்தான் மொழிபெயர்த்தாள்:
"பிடித்துக்கொள்ளலாமாம். அறுக்கக் கூடாதாம்."
பத்து நாள் வரப்பில் குத்துக்காலிட்டு
அறுக்கிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.
அது வேலையா என்று யாரும் கேட்கவில்லை.
அவள் அம்மா மட்டும்
என் தட்டைக் கடைசியாக வைத்தார்.

விளக்கக் கடிதம் ஒன்று, நகல் இரண்டு,
பதினைந்து நாளில்.

அன்றிலிருந்து அவள் பாத்தியில் இறங்கவில்லை.
மோட்டார் கொட்டகை நிழலில் கைகட்டி நின்று
நான் கட்டுவதைப் பார்ப்பாள்.
கட்டு தளர்ந்தால் நாக்கைத் தட்டுவாள்.
மேற்பார்வையும் வேலையில் சேருமோ என்னவோ,
எதற்கும் திரும்பி நில் என்றேன்.
திரும்பி நின்றபடியே
தளர்ந்த கட்டுக்கு நாக்கைத் தட்டினாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்டார்கள் என்று போன்.
நான் டார்ச்சைத் தேடி முடிப்பதற்குள்
வெளியே மண்வெட்டிச் சத்தம்.
முழங்கால் தண்ணீரில் அவள்,
வரப்பை வெட்டி வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டு,
தாய்மொழியில் யாரையோ திட்டிக்கொண்டு.
அடையாற்றையா, அலுவலகத்தையா, என்னையா,
கேட்கவில்லை.
பாதித் தோட்டம் பிழைத்தது.

காலையில் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
"என் மனைவி எந்த வேலையும்"
என்பதோடு பேனா நின்றது.
வன்பென் வந்து, தாளின் அடியில்
தனக்குத் தெரிந்த ஒரே தமிழை எழுதினாள்,
மூன்று சுழியோடு.
மேலே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டாள்.
இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

வாழைநாரை ஊறப்போட்டுவிட்டுச் சொன்னாள்:
இருபத்திரண்டு கட்டு தேறும்.